ஒளியே உளியாக

(கல்விக் கழகத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளிவிழா எனின் கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தல் வழக்கம். அப்பணியை எனக்கு முன் பேசிய பெரியோர்கள் செவ்வனே செய்து முடித்தார்கள். எனக்கு இடப்பட்ட பணி வேறு. இளைஞர்களுக்குப் பயன்படும் வண்ணம் இக்காலத் தொழில்நுட்பம் ஒன்றைப் பற்றி எளிமையாக விளக்க வேண்டும் என்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். நான் கலைப்பட்டம் பெற்றவன். பொறியியல் பயின்றவன் அல்லன். எனினும் ஒரு செய்தியைப் படித்துத் தெளிந்து, பிறர்க்கும் தெளிவுறச் சொல்லுதல் ஆசிரியனுக்குப் பழகிய தொழில். அந்தத் துணிவோடு உங்கள் முன் நிற்கிறேன்.

லேசர் ஒளிக்கற்றையின் வடிவத்தை வேண்டியவாறு அமைத்து, அதனைக் கொண்டு மிக நுண்ணிய உலோகப் பொருள்களை ஆக்கும் கலையே நான் எடுத்துக்கொண்ட பொருள். லேசர் என்றவுடன் ‘எவ்வளவு வலிமை!’ என்றுதான் எல்லோரும் வியக்கின்றனர். வலிமை மட்டும் வேலையை முடிப்பதில்லை. அவ்வலிமை எங்கே, எவ்வளவு, எத்தனை நேரம் என்று பங்கிடப்படும் முறையே வேலையை முடிக்கிறது. இந்த ஓர் உண்மையை விளக்குவதே என் உரையின் நோக்கம்.

எவ்வளவு சிறியது?

முதலில் அளவைத் தெரிந்துகொள்வோம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுக்கு மைக்ரான் என்று பெயர். நம் தலைமுடி ஓரிழையின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பு நேர்ந்தால், ‘ஸ்டென்ட்’ என்னும் சிறு வலைக்குழாயை உள்ளே செலுத்தி மருத்துவர்கள் விரித்து வைப்பதை நீங்கள் அறிவீர்கள். 1986-ஆம் ஆண்டில் அது முதன்முதலாக மனித இதயக் குழாயில் பொருத்தப்பட்டது. இன்று நம் உறவினரிலும் அண்டை வீட்டாரிலும் அதனைத் தாங்கி நடமாடுவோர் உளர். அவ்வலைக்குழாய் தொடக்கத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோகக் குழாயாக இருக்கிறது. அதன் சுவரில் வேண்டாத பகுதிகளை வெட்டி நீக்கினால் எஞ்சுவது வலை. அவ்வலையின் கம்பி ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முடியிழை அளவே இருக்கும். விளிம்பில் ஒரு பிசிறு நின்றாலும் குற்றம். அது தங்கப்போகும் இடம் மனிதனின் இதயமன்றோ!

மற்றோர் எடுத்துக்காட்டு, மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் முனை. அதிலுள்ள துளைகளின் விட்டம் 100 மைக்ரான், 150 மைக்ரான் என்ற அளவில் இருக்கும். துளையின் உட்சுவர் ஒழுங்காக அமையாவிடில் எரிபொருள் சீராகத் தெளியாது, புகை மிகும், எண்ணெய் வீணாகும்.

இத்தகைய வேலையை உளியாலும் அரத்தாலும் துளைக்கருவியாலும் செய்ய முயன்றால் என்ன நேரும்? துளையைக் காட்டிலும் கருவி மெல்லியதாக இருத்தல் வேண்டும். முடியிழை போன்ற கருவி சற்று அழுத்தினால் ஒடியும். சில நூறு துளைகளுக்குள் மழுங்கும். கருவி தாங்கினாலும் பொருள் தாங்காது. மெல்லிய குழாய் நசுங்கிவிடும். ஆகவே தொடாமல் வெட்டும் கருவி ஒன்று தேவைப்பட்டது. அக்கருவியாக வந்து வாய்த்ததுதான் ஒளி.

ஒளி கருவியான வரலாறு

கிளர்ச்சியுற்ற நிலையிலுள்ள ஓர் அணுவின்மீது தக்க ஒளி பட்டால், அவ்வணு அதே வகை ஒளியை, அதே திசையில், அதே ஒழுங்கில் வெளியிடும் என்ற கொள்கையை 1917-ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் விரித்துரைத்தார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1960 மே 16 அன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மாலிபு என்னும் ஊரில் இருந்த ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் தியோடர் மைமன் என்பவர் செயற்கை மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை ஒளிரச் செய்தார். சாதாரண விளக்கின் ஒளி திருவிழாக் கூட்டம் போன்றது; ஒவ்வோர் அலையும் தன் போக்கில் செல்லும். லேசர் ஒளியோ அணிவகுப்பில் செல்லும் படை போன்றது. எல்லா அலைகளும் ஒரே அடியெடுத்து நடக்கும். அதனால்தான் அதனை மிகச் சிறிய புள்ளியில் குவிக்க முடிகிறது.

உலோகத்தை வெட்டும் வலிமையுள்ள லேசர்களில் முதலிடம் பெற்றது கரியமில வாயு லேசர். அதனை 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியவர் சந்திர குமார் பட்டேல் என்னும் இந்தியர். மகாராட்டிரத்தின் பாராமதி என்னும் சிற்றூரில் 1938-இல் பிறந்து, புனே பொறியியற் கல்லூரியில் பயின்று, கடல் கடந்து சென்றவர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. இங்கு அமர்ந்திருக்கும் இளைஞர்கள் அந்த வயதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1965-இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம், கம்பி இழுக்கும் வைர அச்சுகளில் துளையிட லேசரைப் பயன்படுத்தியது. கம்பியை அச்சின் துளையில் நுழைத்து இழுத்து மெலியச் செய்வதை நம் நகைப் பட்டறைகளிலும் காணலாம். அத்தகைய அச்சில் வைரத்தைத் துளைப்பது கடினமான வேலை. அதனையே ஒளி முதலில் ஏற்றுக்கொண்டது. 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள பற்றவைப்பு ஆய்வு நிலையத்தில் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட் என்பவர், லேசர்க் கற்றையோடு ஆக்சிஜன் வளியையும் பாய்ச்சி எஃகுத் தகட்டை வெட்டிக் காட்டினார். அன்று முதல் ஒளி பட்டறைக்குள் நுழைந்துவிட்டது.

ஒரு சிறு கணக்கு

கணக்கு என்றவுடன் மாணவர் முகம் வாடுவது எனக்குப் பழகிய காட்சி. எனினும் இஃது எளிய கணக்கு. ஒளியின் அலைநீளத்தைக் குவிலென்சின் குவியத் தொலைவால் பெருக்கி, கற்றையின் விட்டத்தால் வகுத்து, 1.27-ஆல் பெருக்கினால், சீரான லேசர்க் கற்றை குவியும் புள்ளியின் விட்டம் கிடைக்கும். பட்டறைகளில் பெரிதும் வழங்கும் கண்ணாடி இழை லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 1.06 மைக்ரான். குவியத் தொலைவு 100 மில்லிமீட்டர், கற்றையின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்று கொள்வோம். விடை ஏறத்தாழ 13.5 மைக்ரான்; முடியிழையில் ஐந்தில் ஒரு பங்கு! கரியமில வாயு லேசரின் அலைநீளம் 10.6 மைக்ரான், ஆதலின் அதே லென்சில் புள்ளி பத்து மடங்கு பெரிதாகும். நுண்ணிய வேலைக்குச் சிற்றலை ஒளியை ஏன் நாடுகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

வலிமையையும் கணக்கிடுவோம். 200 வாட் என்பது பழைய குண்டு பல்புகள் இரண்டின் மின்திறன். இந்த 200 வாட் லேசரை 100 மைக்ரான் விட்டமுள்ள புள்ளியில் குவித்தால், சதுர சென்டிமீட்டருக்கு 25 இலட்சம் வாட் என்ற செறிவு கிட்டும். உச்சி வெயில் நம்மீது பொழிவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.1 வாட். ஆக, அப்புள்ளியில் உச்சி வெயிலைப் போல் இரண்டரைக் கோடி மடங்கு செறிவு! இரும்பு உருகுவதில் வியப்பில்லை.

வலிமை போதாது, வடிவம் வேண்டும்

இங்கேதான் சிக்கல் எழுகிறது. லேசரிலிருந்து இயல்பாக வரும் கற்றையில் ஒளி ஒரே சீராகப் பரவியிருப்பதில்லை. நடுவில் குன்று போல் உயர்ந்து, ஓரங்களில் சரிந்து செல்லும். கணித மேதை காஸ் என்பவரின் பெயரால் இதற்குக் காஸ் வடிவம் என்று பெயர். புள்ளியின் நடுவில் சராசரியைப் போல் இருமடங்கு செறிவு. விளிம்பிலோ நடுவில் உள்ளதில் ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

நம் வயலை நினைத்துப் பாருங்கள். மடையிலிருந்து பாயும் நீர் ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே குழி பறியும். பாத்தியின் ஓரம் காய்ந்து கிடக்கும். அதே நீரைப் பரப்பிவிட்டால் பாத்தி முழுதும் நனையும். நீரின் அளவு மாறவில்லை; பங்கீடு மாறிற்று. லேசரிலும் இவ்வாறே. நடுவில் வெப்பம் மிகுந்து உலோகம் கொதித்து ஆவியாகிறது. அந்த ஆவியின் அழுத்தம் உருகிய உலோகத்தைக் கீழே தள்ளி ஆழமான குழியை உண்டாக்குகிறது. குழியின் வாய் சரிந்து மூடும்போது வளிக்குமிழ்கள் உள்ளே சிறைப்படுகின்றன. உலோகம் உறைந்தபின் அவையே நுண்துளைகளாக நிலைத்துவிடும். வெளியே பார்த்தால் பொருள் குறையற்றதாகவே தோன்றும். பளு ஏறி இறங்கும் வேலையில் அத்துளையிலிருந்து விரிசல் தொடங்கும். ஓரத்திலோ வெப்பம் குறைந்து, வெட்டு மழுங்கிச் சரிவாக அமையும்.

இதனைத் தீர்க்கும் வழி யாது? நகை செய்வோர் ஊதுகுழலைப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குச் சுடர் ஒன்றுதான். மெல்ல ஊதிச் சுடரைக் கூராக்கினால் ஒரு சிறு கண்ணியை மட்டும் பற்றவைக்கலாம்; விரித்து ஊதினால் பொருள் முழுவதையும் காய்ச்சலாம். அவர் மூச்சால் செய்வதையே அறிவியலார் ஒளியில் செய்யத் தலைப்பட்டனர்.

ஒளிக்கு வடிவம் கொடுத்தல்

குளத்தில் இரண்டு கற்களை எறிந்தால் இரு அலைவட்டங்கள் எழுந்து ஒன்றோடொன்று கலக்கின்றன. முகடும் முகடும் சேருமிடத்தில் நீர் உயர்கிறது. முகடும் பள்ளமும் சேருமிடத்தில் அடங்குகிறது. ஒளியும் அலையே. ஒரு கற்றையின் பல பகுதிகளைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்திப் பின் ஒன்றாகச் சேர்த்தால், எங்கே ஒளிர வேண்டும், எங்கே இருள வேண்டும் என்பதை நாமே வரையறுக்கலாம்.

இதற்கு வழிகள் பல. கண்ணாடித் தகட்டில் ஒரு மைக்ரான் அளவிலான படிகளைப் பொறித்து ஒளியை அதன்வழிச் செலுத்துவது ஒன்று. கனம் மிகுந்த இடத்தில் ஒளி சற்றே பிந்தும். பிந்திய அலையும் முந்திய அலையும் சேர்ந்து சதுரமாகவோ, கோடாகவோ, வளையமாகவோ வேண்டிய வடிவில் விழும். கூம்பு வடிவ லென்சைப் பயன்படுத்துவது மற்றொன்று. 1954-இல் மெக்லியோட் என்பவர் இதனை விளக்கினார். மூன்றாவது, திரவப் படிகத் திரை. கைக்கடிகாரத்திலும் கணக்கிடும் கருவியிலும் எண்களைக் காட்டுகிறதே, அதே வகைப் பொருள்தான். கணினி கட்டளையிட்டால் அத்திரை நொடிப்பொழுதில் ஒளியின் வடிவத்தை மாற்றும். எந்த இடத்தில் எவ்வளவு தாமதம் வேண்டும் என்பதைக் காணும் கணக்குமுறை ஒன்றை 1972-இல் கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் என்ற இருவர் வெளியிட்டனர். ஒரு விடையை ஊகித்து, வேண்டிய வடிவத்தோடு ஒப்பிட்டு, பிழையைத் திருத்தி, மீண்டும் மீண்டும் கணக்கிடுவதே அம்முறை. நம் மாணவர்கள் வீட்டுக்கணக்கில் கைக்கொள்ள வேண்டிய முறையும் அதுவே!

இடத்தில் பங்கிடுவது போலவே காலத்திலும் பங்கிட வேண்டும். ஒளி நெடுநேரம் பட்டால் வெப்பம் அக்கம்பக்கம் பரவி ஸ்டென்டின் மெல்லிய கம்பியைத் தீய்த்துவிடும். வெப்பம் பரவுவதற்கு முன்பே ஒளி தன் வேலையை முடித்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை. ஒளி ஒரு நொடியில் பூமியை ஏழரை முறை சுற்றும் வேகமுடையது. அத்தகைய ஒளியே ஒரு முடியிழையின் அகலத்தை மட்டும் கடக்கும் அளவு குறுகிய நேரத்துடிப்புகளாக இன்று லேசரை எழுப்புகிறார்கள். அத்துடிப்பு படும் இடத்தில் உலோகம் ஆவியாகிறது. அடுத்த இடம் சூட்டை அறிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதனை இயலச் செய்த முறையை 1985-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தவர்கள் ஜெரார் மூரு என்ற பேராசிரியரும், அவருடைய மாணவியாயிருந்த டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண்மணியும் ஆவர். 2018-ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசில் இருவரும் பங்கு பெற்றனர். எரிபொருள் தெளிப்பு முனைகள் போன்றவற்றைப் பெருமளவில் செய்ய இக்குறுந்துடிப்பு லேசரைத் தொழிற்சாலைக்குக் கொணர்ந்தமைக்காக, ஜெர்மனியில் 2013-ஆம் ஆண்டு போஷ், டிரம்ப்ஃப் நிறுவனங்களையும் ஜேனா பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த அறிஞர்கள் அந்நாட்டு எதிர்காலப் பரிசைப் பெற்றனர்.

வெட்டாமலும் ஆக்கலாம்

வெட்டுவதும் துளைப்பதும் மட்டுமே லேசரின் தொழில் என்று எண்ணற்க. அது வளைக்கவும் வல்லது. மாட்டுவண்டிச் சக்கரத்திற்கு இரும்புப் பட்டா ஏற்றுவதை உங்களில் மூத்தோர் பார்த்திருப்பீர்கள். பட்டாவைத் தீயில் காய்ச்சினால் விரியும். சக்கரத்தில் மாட்டி நீர் ஊற்றினால் சுருங்கி இறுகும். இதே உண்மையை நுண்ணிய அளவில் பயன்படுத்துகிறார்கள். மெல்லிய தகட்டின்மீது கோடு போன்ற லேசரைச் செலுத்தினால், சூடேறிய பகுதி விரிய முயலும். சுற்றியுள்ள குளிர்ந்த பகுதி விடாது. ஆதலின் சூடான பகுதி தன்னுள் நசுங்கும். ஆறும்போது முன்னிலும் குறுகும். தகடு ஒளி வந்த பக்கமாகச் சற்றே வளையும். சுத்தியும் அச்சும் இன்றி, மின்னணுக் கருவிகளின் மிகச் சிறிய உறுப்புகளை இவ்வாறு சரிசெய்யலாம்.

இன்னும் வியப்பானது, தூளிலிருந்து பொருளை எழுப்புவது. 15 முதல் 45 மைக்ரான் வரை பருமனுள்ள உலோகத் தூளை மெல்லிய படலமாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி உறையச் செய்து, அதன்மேல் அடுத்த படலத்தைப் பரப்புவார்கள். ஒரு படலம் 40 மைக்ரான் எனில், ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு 250 படலங்கள். கோலமாவைப் போன்ற தூளிலிருந்து எஃகுப் பொருள் படிப்படியாக எழும்பும். உலோகத் தூளை முழுதும் உருக்கிச் செய்யும் இம்முறை 1990-களின் நடுவில் ஜெர்மனியின் ஆஃகன் நகரிலுள்ள ஃபிரான்ஹோஃபர் லேசர் ஆய்வு நிலையத்தில் உருவாயிற்று.

இங்கும் கற்றையின் வடிவமே சிக்கலும் தீர்வும் ஆயிற்று. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தார், வட்டக் கற்றைக்குப் பதிலாக நீள்வட்டக் கற்றையைப் பயன்படுத்தினால் உறையும் எஃகின் உள்ளமைப்பே மாறுகிறது என்று 2017-இல் காட்டினர். 2021-இல் பெசல் கற்றை என்னும் வடிவத்தைக் கையாண்டனர். நடுவில் ஒரு புள்ளியும் அதனைச் சுற்றிப் பல வளையங்களும் கொண்டது அக்கற்றை. ஆழமான குழிகளும் நுண்துளைகளும் குறைந்து, பொருள் வலுவாக அமைந்ததைக் கண்டனர். இயல்பான கற்றையால் எய்த முடியாத உறுதியை ஒளியின் வடிவத்தை மாற்றியமைத்தே பெற்றனர்.

ஒளியில் எழுதப்பட்ட மூன்று பெயர்கள்

இளைஞர்களே! இதுவரை நான் கூறியவற்றுள் மூன்று பெயர்கள் வந்தன: காஸ், பெசல், ஃபிரான்ஹோஃபர். அவர்கள் யாவர் என்று நீங்கள் அறிய வேண்டும்.

காஸ், ஜெர்மனியில் 1777-இல் பிறந்தவர். தந்தை கொத்து வேலையும் தோட்ட வேலையும் செய்து பிழைத்தவர். தாய் எழுத்தறிவு குறைந்தவர். சிறுவனின் கணிதத் திறனைக் கண்டு ஆசிரியர்கள் எடுத்துச் சொல்ல, அந்நாட்டுக் கோமகன் படிப்புக்கு உதவினார்.

பெசல், பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு, பிரெமன் துறைமுக நகரில் ஒரு வணிக நிலையத்தில் பயிற்சி எழுத்தராகச் சேர்ந்தவர். பல்கலைக்கழகத்தில் பயின்றதே இல்லை. பகலில் கணக்கு எழுதி, ஓய்வு நேரத்தில் வானியலும் கணிதமும் தாமே கற்றார். பின்னர் கோனிக்ஸ்பெர்க் வான் ஆய்வகத்தின் தலைவரானார். பட்டம் பெறாத அவருக்குக் காஸ் அவர்களின் பரிந்துரையால் டாக்டர் பட்டம் கிடைத்தது. 1820-களில் கோள்களின் இயக்கத்தைக் கணக்கிடுகையில் அவர் ஆராய்ந்த சார்புகளே, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் எஃகுத் தூளை உருக்கும் ஒளிக்கு வடிவம் தந்தன. ‘இந்தக் கணக்கு எதற்குப் பயன்படும்?’ என்று கேட்கும் மாணவருக்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது.

ஃபிரான்ஹோஃபர் கதை இன்னும் உருக்கமானது. கண்ணாடி வேலை செய்த ஒருவருக்குப் பதினோராம் பிள்ளை. பதினொரு வயதில் தாய் தந்தை இருவரையும் இழந்தார். மியூனிக் நகரில் கண்ணாடி வெட்டும் ஒரு முதலாளியிடம் பணிப்பயிற்சிக்கு விடப்பட்டார். அம்முதலாளி சிறுவனிடம் வேலை வாங்கினாரேயன்றிப் படிப்புக்கு இடந்தரவில்லை. 1801-இல் அவ்வீடு இடிந்து விழுந்து, சிறுவன் இடிபாட்டில் புதையுண்டான். உயிரோடு மீட்கப்பட்டபோது அங்கு வந்திருந்த நாட்டின் ஆட்சியாளர் பொருளுதவி அளித்தார். அப்பணத்தைக் கொண்டு கண்ணாடி தேய்க்கும் பொறியை வாங்கித் தன்னுரிமை தேடினார்; நூல்களைத் தேடிக் கற்றார். உலகின் தலைசிறந்த லென்சுகளைச் செய்தார். 1814-இல் சூரிய ஒளியின் நிறமாலையிலுள்ள கருங்கோடுகளை ஆராய்ந்தார். ஒளிக்கற்றைக்கு வடிவம் தரும் கணக்கில் இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. 1826-இல் தம் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார். அவருடைய பட்டறையில் உருவான கருவியைக் கொண்டே 1838-இல் பெசல் ஒரு விண்மீனின் தொலைவை அளந்து காட்டினார்.

அவர்களுடைய வறுமையும் நம் மக்கள் பட்ட தீண்டாமைக் கொடுமையும் ஒன்றல்ல. அதனை நான் மறைக்க விரும்பவில்லை. அவர்களை எவரும் ஊருக்கு வெளியே நிறுத்தவில்லை. எனினும் ‘உனக்கு வேலை போதும், படிப்பு வேண்டாம்’ என்று ஒரு சிறுவனிடம் கூறும் குரல் எந்நாட்டிலும் ஒன்றே. அக்குரலுக்கு அவர்கள் பணியவில்லை என்பதே நமக்குப் பாடம்.

நமக்கு என்ன?

நம் நாட்டில் உலோகத் தொழிலின் நுட்பம் நெடுங்காலம் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று பிறப்பின் வழியே சென்றது. பிறர் பட்டறை வாயிலில் நின்று பார்ப்பதோடு சரி. ஒளிக்கற்றைக்கு வடிவம் கொடுக்கும் நுட்பமோ எந்தக் குடும்பத்தின் மரபுச் செல்வமும் அன்று. அது பாடநூலில் இருக்கிறது. ஒளிவிலகல், அலைகள், முக்கோணவியல் என்று நம் பள்ளிகளில் நடத்தும் பாடங்களே அதன் முதற்படிகள்.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் இதனை முன்னரே உணர்ந்திருந்தார். 1942-ஆம் ஆண்டில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தபோது அரசுக்கு அளித்த மனுவில், நம் மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்ப உயர்கல்விக்கு உதவித்தொகை வேண்டும் என்றும், அரசு அச்சகங்களிலும் இரயில்வேப் பட்டறைகளிலும் தொழிற்பயிற்சி இடங்கள் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். கலைக் கல்வியோடு நின்றுவிடுதல் போதாது என்பது அவர் கருத்து. கலைப்பட்டம் பெற்ற நானே இதனை எடுத்துச் சொல்வது பொருத்தமே.

ஆகவே இளைஞர்களுக்கு மூன்று செய்திகளைக் கூற விழைகிறேன்.

முதலாவது: பத்தாம் வகுப்பு முடிந்ததும் கணிதமும் இயற்பியலும் கடினம் என்று அஞ்சி ஒதுங்காதீர்கள். லேசர்ப் பொறியின் பொத்தானை அழுத்துபவனுக்கு ஒரு கூலி; வெட்டு ஏன் சரிந்தது, துளை ஏன் விழுந்தது என்று அறிந்து கற்றையைத் திருத்துபவனுக்கு வேறு கூலி. பொறி மாறும்போது முன்னவன் வேலை போய்விடும். பின்னவன் வேலை நிலைக்கும்.

இரண்டாவது: வழிகள் உள்ளன, அவற்றைத் தேடிச் செல்லுங்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி தொழிற்சாலைகளில் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் பணி 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் உள்ள இராஜா ராமண்ணா ஆய்வு மையம் லேசர் ஆராய்ச்சி நடைபெறும் அரசு நிலையம். ஐ.டி.ஐ.யில் தொடங்கினாலும் அங்கேயே நின்றுவிட வேண்டியதில்லை. பாலிடெக்னிக், பொறியியற் கல்லூரி என்று மேலே செல்லும் வழி திறந்திருக்கிறது.

மூன்றாவது: உங்கள் கண்களைக் காத்துக்கொள்ளுங்கள். இதனைப் பெற்றோரும் கேட்க வேண்டும். இன்று கையில் பிடித்துப் பற்றவைக்கும் லேசர்க் கருவி சிறு பட்டறைகளுக்கும் வந்துவிட்டது. அதன் ஒளி அகச்சிவப்பு ஒளி, கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒளிக்கு இமை மூடாது. கண்ணின் லென்சே அதனை விழித்திரையில் குவித்துவிடும். விழித்திரை வெந்தால் வலிகூடத் தோன்றாமல் பார்வை போய்விடலாம். போன பார்வை திரும்புவதும் அரிது. பளபளப்பான உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளிக்கும் இதே ஆற்றல் உண்டு. கடைத்தெருவில் விற்கும் கறுப்புக் கண்ணாடி இதற்குக் காப்பாகாது; அந்தந்த அலைநீளத்திற்கென்றே செய்த காப்புக் கண்ணாடி வேண்டும். உலோகத் தூளும் அவ்வாறே. நிக்கல், குரோமியம் கலந்த நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு. அலுமினியம், டைட்டானியம் தூள் தீப்பற்றும். இவற்றிற்குரிய காப்புகளைக் கேட்டுப் பெறுதல் தொழிலாளியின் உரிமை. கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஆபத்தான வேலைகளை ஒன்றும் அறிவிக்காமலே நம் மக்களிடம் ஒப்படைத்த காலம் ஒன்று உண்டு. அது புதிய தொழிலில் மீண்டும் தலையெடுக்க நாம் இடந்தரலாகாது.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாகக் கழகப் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளிவிழாவின் நினைவாகப் பெரிய கட்டடம் எழுப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாலைநேரப் படிப்பகத்தில் ஓர் அலமாரியை அறிவியலுக்கு ஒதுக்குங்கள். குவிலென்சு, குழிலென்சு, முப்பட்டகம், அளவுகோல், ஒரு தட்டு நீர் இவை போதும். ஒளி எவ்வாறு வளைகிறது, அலைகள் எவ்வாறு கலக்கின்றன என்று சிறுவர்கள் தம் கையாலேயே செய்து பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியரை அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்திற்கோ பொறியியற் கல்லூரிக்கோ அழைத்துச் சென்று பொறிகளைக் காட்டுங்கள். பெண்பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். நோபல் பரிசு பெற்ற ஸ்ட்ரிக்லண்ட் அம்மையார் அந்த ஆய்வைச் செய்தபோது ஒரு மாணவியாகவே இருந்தார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

நம் சமுதாயத்தில் ஆற்றலுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. வயலிலும் சாலையிலும் ஆலையிலும் உழைத்த கரங்கள் அதற்குச் சான்று. அவ்வாற்றலை எங்கே, எவ்வாறு செலுத்துவது என்று தீர்மானிக்கும் உரிமைதான் நம்மிடம் இல்லாதிருந்தது. கல்வி அவ்வுரிமையை நமக்குத் தருகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் ஆற்றிவரும் பணியும் அதுவே. அப்பணி பொன்விழாவையும் காண்பதாக! அன்று இம்மேடையில் லேசர்த் துறை வல்லுநராக உங்களில் ஒருவர் நின்று, நான் இன்று சொன்னதைவிடத் தெளிவாகவும் ஆழமாகவும் பேசுவீர்களாக!